சாமியார் வருமுன் எழுந்த கோயில்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வில்லாமெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது செயின்ட் பால் என்ற சிற்றூர். ஹட்சன் பே கம்பெனியின் விலங்குரோமத் தோல் வணிகத்தில் உழைத்த பிரெஞ்சுக் கனடியர்கள், அந்த வேலையை விட்டபின் இங்கே கோதுமை விதைத்துக் குடியமர்ந்தார்கள். மனைவிமார் பெரும்பாலும் பழங்குடிப் பெண்கள்.

சாமியார் வேண்டும் என்று தொலைதூரத்தில், இன்றைய கனடாவில் உள்ள ரெட் ரிவர் ஆயருக்கு மனு எழுதினார்கள். எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1836இல் மரக்கட்டைகளை அடுக்கிக் கோயிலையே கட்டிவிட்டார்கள்! கடைசியில் பிளான்ஷே என்ற சாமியார் வந்து அதில் முதல் பூசை வைத்தது 1839 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று. வெறுங்கோயிலோடு காத்திருந்த அந்த விசுவாசத்துக்கு ஈடாக எதைச் சொல்வது?

எனக்கு மிகப் பிடித்தது பங்கின் பழைய பதிவேடு. நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளுக்கு அப்போதுதான் திருமணம்; கூடவே அவர்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். பிரெஞ்சுப் பெயர்களுக்குப் பக்கத்திலேயே சினூக், கலப்புயா என்று பெண்களின் இனப்பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு சொல் இல்லையென்றால் அந்தத் தாய்மாரின் பூர்வீகமே மறைந்துபோயிருக்கும்.

1846இல் செங்கல் கோயில் வந்தது. 1993 மார்ச் நிலநடுக்கத்தில் அது பலத்த சேதமடைந்தபோது, ஊரார் பழைய தோற்றம் மாறாமலே எடுத்துக் கட்டினார்கள்.