கிரெடிட் யாருக்கு?

"வலது பக்கம் திருப்பினா கார் எப்படிப்பா இடது பக்கம் போகும்?"

‘கார்ஸ்’ படத்தை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தபோது என் பையன் கேட்டான். 2006-ல் ஜான் லாசெட்டர் இயக்கத்தில் பிக்ஸார் எடுத்த அனிமேஷன் படம். தார் ரோட்டில் சூரனான ரேஸ் கார் மெக்வீன், மண் தரையில் வளைவு எடுக்கத் தெரியாமல் கள்ளிச் செடிகளுக்குள் போய் விழுவான். வயசான நீலக் கார் டாக் ஹட்சன், இந்த வலது-இடது சூட்சுமத்தைச் சொல்லிவிட்டு அலட்டாமல் போய்விடுவார்.

"சும்மா ரீல் விடறாங்களா?"

ரீல் இல்லை. மண் பிடி கொடுக்காது. வளைவில் காரின் பின்பக்கம் வெளியே சறுக்கும், மூக்கு உள்ளே திரும்பும். வண்டி ஒரேயடியாகச் சுற்றிவிடாமல் இருக்க முன்சக்கரங்களை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். அருமையான காட்சி. டாக்குக்குக் குரல் கொடுத்த பால் நியூமன் நிஜத்திலும் ரேஸ் ஓட்டியவர். 1979 லெ மான் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த காரின் டிரைவர்களில் ஒருவர். குரலில் அந்த அனுபவம் தெரிகிறது.

ஆனால்... என் குறையும் அதே காட்சியில்தான். வித்தை முழுவதையும் ஸ்டியரிங்கில் வைத்துவிட்டார்கள். பாதி வித்தை பின் அச்சில் அல்லவா இருக்கிறது!

ஒஹையோவின் எல்டோரா மாதிரி அமெரிக்க மண் தடங்களில் இன்று ஓடும் ‘லேட் மாடல்’ கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஸ் முழுக்க இடது வளைவுதான். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டியிருக்கும். வலது டயர் மட்டும் சற்றுப் பெரிசு. ஒரு பேப்பர் டம்ளரை மேஜையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். நேரே போகாமல் வட்டமடிக்கும். அதே சங்கதி.

அப்புறம், பின் அச்சைப் பிடித்திருக்கும் தண்டுகள். பக்கத்துக்கு இரண்டு. அவற்றின் சாய்வைச் சரியாக வைத்தால், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் காரின் இடது பின்மூலை எம்பும். இடது சக்கரம் கொஞ்சம் முன்னால் நகரும். அச்சே கோணலாகி, காரின் பின்பகுதியை வெளியே தள்ளும். அதாவது, வண்டியைத் திருப்பும் வேலையில் பாதியைப் பின்சக்கரங்களே பார்த்துக்கொள்கின்றன! சாயங்காலம் ஈரமாக இருந்த மண், ராத்திரி காய்ந்து வழுக்கும். உடனே ஸ்பிரிங், தண்டு என்று மறுபடி எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும்.

பி.காம். படித்தவனுக்கு இது எப்படிப் புரிகிறதென்றால்... காரின் மொத்த எடை மாறாது. எந்தச் சக்கரத்தின் கணக்கில் எவ்வளவு பற்று எழுதுவது என்பதுதான் சஸ்பென்ஷன். கணக்கெழுதுகிறவர் மெக்கானிக். கிரெடிட் மட்டும் டிரைவருக்கு!

டயர் மாற்றும் குட்டி கைடோவுக்குப் படத்தில் கைதட்டல் கிடைக்கவில்லையா என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அது கை வேகத்துக்கு. நான் கேட்பது மூளைக்கு.

டாக் ஹட்சனின் மூலம் ஹட்சன் ஹார்னெட் என்கிற நிஜக் கார். ஒரு படி இறங்கி உட்காரும்படி தளத்தைத் தாழ்வாக அமைத்திருந்தார்கள். அதனால் வளைவில் நன்றாக நின்றது. பெரும்பாலான பந்தயங்கள் மண்ணில் நடந்த அந்த நாளில், 1953 நாஸ்கார் பட்டத்தை அதில் ஜெயித்தவர் ஹெர்ப் தாமஸ். அந்தக் காரைத் தயார் செய்து அனுப்பியவர் டேடோனா பீச்சில் பட்டறை வைத்திருந்த ஸ்மோக்கி யூனிக். 2006 படத்தில் அவருக்கு இடமில்லை. 2017-ல் வந்த ‘கார்ஸ் 3’-ல்தான் ஸ்மோக்கி என்ற பழைய டிரக்காக, டாக்கின் குருவாக வந்து சேர்ந்தார். பதினோரு வருஷப் பாக்கி! அதிலும் ஓட்டக் கற்றுத் தருவதுதான் அவருக்குப் பிரதான வேலை.

இத்தனையும் கேட்டுவிட்டுப் பையன் படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினான். டாக்கின் ஷெட்டில் தூசி படிந்து கிடக்கும் மூன்று கோப்பைகளை மெக்வீன் கண்டுபிடிக்கிற இடம்.

"மூணுல ஒண்ணாவது அந்த மெக்கானிக்குக்குக் கொடுத்திருக்கலாம்லப்பா?"

நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கவே வேண்டாம்.