மகாவர்மனின் பொறுமை

நாடகத்திலும் திரையிலும் தொலைக்காட்சித் தொடரிலும் வரும் துணைப் பாத்திரங்களுள் நடிகனின் திறனை மிகக் கடுமையாகச் சோதிப்பது ஒற்றர் தலைவன் பாத்திரமே ஆகும். தான் களத்தில் இறங்காமல் பிறரை ஏவி, அவர்கள் கொண்டுவரும் செய்தியை முதலாக வைத்து அதிகாரம் செலுத்துபவன் ஒற்றர் தலைவன். எனவே கதையின் பெரும்பகுதியில் அவன் வாளெடுப்பதில்லை, ஓடுவதில்லை, காதலிப்பதுமில்லை. அவன் செய்வதெல்லாம் கேட்பதும் காத்திருப்பதும் கணக்கிடுவதுமே. திருக்குறள் பொருட்பாலில் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே இருப்பதும், விசாகதத்தரின் முத்ராராட்சசத்தில் சாணக்கியன் தன் அறையைவிட்டு அதிகம் நகராமலே ஒரு பேரரசின் போக்கை மாற்றுவதும், இப்பாத்திரத்தின் வேர் இந்நாட்டில் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும்.

இப்பாத்திரத்தின் தமிழ்த்திரை வடிவம் சேர்வராயன் மலையடிவாரத்தில் உருப்பெற்றது எனலாம். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னையின் படப்பிடிப்புக் கூடங்களிலிருந்து விலகி, நடிகர்களையும் எழுத்தாளர்களையும் மாதச் சம்பளத்தில் அமர்த்திக்கொண்டு, தொழிற்சாலைக்குரிய ஒழுங்குடன் படங்களை எடுத்துவந்தது. ஒரே கூட்டத்தார் ஒரே வளாகத்தில் தொடர்ந்து பணியாற்றியதால், ஒரு படத்தில் நடிகர் கண்டடைந்த நுணுக்கத்தை அடுத்த படத்தில் வளர்த்தெடுக்க வழியிருந்தது. எம். என். நம்பியாரின் வளர்ச்சியில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

இளம் வயதிலேயே நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் சேர்ந்து பயின்ற நம்பியார், 1950இல் இந்நிறுவனத்தின் இரு படங்களில், ஒன்றுக்கொன்று நேரெதிரான இரு வேடங்களை ஏற்றார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய ‘திகம்பர சாமியார்’ படத்தில் அவர் கதாநாயகன். குற்றவாளிகளைப் பிடிக்க வேடத்தின்மேல் வேடம் மாற்றிக்கொண்டு செல்லும் துப்பறிவாளன். மு. கருணாநிதி வசனம் எழுதி, எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கிய ‘மந்திரி குமாரி’யிலோ அவர் ராஜகுரு, அதாவது அரசனுக்கு அறம் சொல்ல வேண்டிய இடத்தில் அமர்ந்துகொண்டு, தன் மகன் பார்த்திபனைப் படைத்தலைவனாக்குவதற்காக அரசையே ஆட்டிவைப்பவர். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய, இன்று சில பாடல்களே எஞ்சியுள்ள குண்டலகேசியின் கதையிலிருந்து கிளைத்தது இப்படம். மனைவியைக் கொல்வதற்காக மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் பார்த்திபனை, மூன்று முறை வலம்வர அனுமதி கேட்டு, அவள் பின்னிருந்து தள்ளிவிடும் காட்சியே மக்கள் நினைவில் நிற்கிறது. அது ஏற்காட்டு மலையில் எடுக்கப்பட்டது என்பர். பார்த்திபனாக வந்த எஸ். ஏ. நடராஜனின் பேச்சு வீச்சில் மயங்கிய ரசிகர்கள், அவனுக்குப் பின்னால் நின்று காய் நகர்த்திய ராஜகுருவைச் சற்றுக் குறைவாகவே கவனித்தனர் என்றால், அது நம்பியாரின் குறையன்று. அப்பாத்திரத்தின் இயல்பே அது.

அந்த ராஜகுரு முழு ஒற்றர் தலைவனாக வளர்ந்தது அடுத்த ஆண்டு, 1951இல் வெளிவந்த ‘சர்வாதிகாரி’யில். ஹாலிவுட்டின் ‘தி கேலன்ட் பிளேடு’ என்னும் 1948ஆம் ஆண்டுப் படத்தைத் தழுவி, ஏ. வி. பி. ஆசைத்தம்பி வசனம் எழுதிய இப்படத்தில், வலுவற்ற அரசனை ஒதுக்கிவிட்டு நாட்டின் தனியாதிக்கத்தைக் கைப்பற்ற முனையும் அமைச்சன் மகாவர்மனாக நம்பியார் வருகிறார். அவனுக்குத் தடையாக நிற்பவர் நாகையா ஏற்ற படைத்தலைவர் உக்கிரசேனர். அவருக்குக் காவலாக நிற்பவன் எம்.ஜி.ஆர். ஏற்ற பிரதாபன். அக்காவலை உடைக்க மகாவர்மன் அனுப்புவது படையை அன்று. அஞ்சலிதேவி ஏற்ற மீனாதேவி என்னும் பெண்ணை. நல்லவனின் நம்பிக்கையே அவனுடைய மிகப் பலவீனமான வாயில் என்று கண்டுகொண்ட மனத்தின் கணக்கு அது. அதன் ஈரமின்மைதான் இப்பாத்திரத்தின் உயிர்.

நம்பியாரின் கலை இங்கே எவ்வாறு தொழிற்படுகிறது என்பது அருகிருந்து காணத்தக்கது. தலையைச் சற்றே தாழ்த்தி, விழிகளை மட்டும் மேலே உயர்த்தி எதிரிலிருப்பவரை அளக்கும் பார்வை. சொல்லின் இறுதியைச் சிறிது இழுத்துவிட்டுச் சட்டென நிறுத்தும் குரல். மற்றவர் பேசும்போது அசையாத உடல். நாடக மேடையில் பயின்றவர்களுக்குப் பேசாதிருப்பது எளிதன்று, ஏனெனில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்குமாறு பேசியே பழகியவர்கள் அவர்கள். நம்பியாரோ கேட்பதையே நடிப்பாக்கினார். ஏவல் பெற்றவர் செய்தி சொல்லும்போது, அதன் உண்மையைவிட அதன் பயன் எவ்வளவு என்று எடைபோடும் மனம் அந்த முகத்தில் தெரிகிறது. வேடதாரியாகத் திகம்பர சாமியாரில் பெற்ற பயிற்சி, வேடம் புனையாமலே முகத்தை மறைக்கும் இக்கலைக்கு அடித்தளமாக அமைந்ததென்று கருத இடமுண்டு.

இதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் அமெரிக்கருடன் கூட்டாக, பழங்காலத்து உரோம யானைகள் உலவும் ‘காடு’ என்னும் படத்தையும் எடுத்தது. அறிவியல் புனைவு, அதாவது அறிவியலால் நிகழக்கூடியதைக் கற்பனையில் விரித்துரைக்கும் வகை, இவ்வடிவாரத்தை அவ்வளவில் தொட்டுச் சென்றது. ஆனால் மகாவர்மனின் உண்மையான உறவினனை அவ்வகையில் காண எழுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2022இலும் 2025இலும் இரு பருவங்களாக வெளிவந்த ‘ஆண்டோர்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில், ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்டு ஏற்ற லூதன் ரேல், விண்வெளிப் பேரரசின் தலைநகரில் பழம்பொருள் வணிகனாகச் சிரித்துக்கொண்டே, அப்பேரரசுக்கு எதிரான கிளர்ச்சியை ஒற்றர்களால் பின்னுகிறான். எதிரியின் உளவுத்துறைக்குள் தான் வைத்திருக்கும் ஆள் வெளிப்பட்டுவிடக் கூடாதென்பதற்காக, தன் பக்கத்துப் போராளிகள் சாவுக்குள் நடந்துசெல்வதை அறிந்தும் எச்சரிக்காமல் இருக்கிறான். பின்னர் அந்த ஆளையே தன் கையால் கொல்கிறான்.

மகாவர்மன் அரியணைக்காகவும் லூதன் விடுதலைக்காகவும் உழைப்பவர்கள். ஆயினும் மனிதரைக் கருவியாக்கும் கை இருவருக்கும் ஒன்றே. இருவரின் முடிவிலும் ஒரு பெண் நிற்பது கூர்ந்து நோக்கத்தக்கது. லூதன் வளர்த்த கிளேயா, அவன் எதிரியின் விசாரணைக்கு ஆளாகாதிருக்க, மருத்துவமனைக்குள் புகுந்து அவன் உயிரைத் தானே முடிக்கிறாள்; அவன் கற்பித்த கடுமையை அவன்மீதே நிறைவேற்றும் பற்று அது. மீனாதேவியோ யாரை வீழ்த்த அனுப்பப்பட்டாளோ அவனையே காதலித்து, மகாவர்மனின் கணக்கில் அவன் சேர்க்காத ஓர் எண்ணாகிறாள். இரண்டில் லூதனின் முடிவே நுட்பமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்ப்படத்தின் காதல் திருப்பம் அக்காலக் கதைமரபுக்குள் அடங்குவது. ஆனால் ஏவப்பட்டவள் கைநழுவியபின் மகாவர்மனுக்கு எஞ்சுவது வாள் ஒன்றே என்னும் நிலையை அமைத்ததில் ‘சர்வாதிகாரி’ தேர்ச்சி காட்டுகிறது. பிறர் கைகளால் வாழ்ந்தவன் தன் கையை நீட்ட வேண்டி வந்தபோதே தோற்றுவிட்டான். அதன்பின் நிகழும் வாட்போர், முன்னரே முடிந்த தோல்வியின் கண்கூடான வடிவம்.

அந்த வாட்போரை நம்பியார் எம்.ஜி.ஆருக்கு ஈடுகொடுத்து அத்தனை விறுவிறுப்பாக நிகழ்த்தியதே, ஒருவகையில், அவர் கலைக்குக் கேடாகவும் முடிந்தது. இருவரும் மோதுவதைக் காணவே கூட்டம் கூடியதால், பிற்காலப் படங்கள் அவரிடம் வாளையும் சாட்டையையும் மிகுதியாகக் கேட்டன. 1965இன் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் அவர் சாட்டையுடன் வந்து மிரட்டினார். அசையாமல் அமர்ந்து கேட்கும் அமைச்சனுக்குரிய வேடங்கள் அருகின. உரக்கச் சிரித்துக் கையைப் பிசையும் வில்லனாகவே அவரைப் பல குரல் கலைஞர்கள் தலைமுறைகளுக்குக் கடத்தினர். மலையடிவாரத்து வளாகத்தில் 1950இலும் 1951இலும் அவர் வடித்தெடுத்த அந்த அமைதியை எவராலும் போலச்செய்ய இயலவில்லை.