தனிவழிச் செல்லும் பெண்டிர்

சென்ற ஆண்டின் இறுதியில் ஒருநாள், தேக்காச் சந்தையில் என் பழைய மாணவி ஒருத்தியின் பாட்டியாரைக் கண்டேன். பேத்தி படிப்பை முடித்துவிட்டாள். வேலையில் சேருமுன் ஆஸ்திரியா நாட்டை இரு வாரம் சுற்றிப் பார்க்க விரும்புகிறாள். துணைக்கு எவரும் இலர். "தனியாகவா போவது? நீங்களாவது சொல்லக்கூடாதா, டீச்சர்?" என்றார். போகவேண்டாம் என்று தடுக்கச் சொல்கிறார் என எண்ணினேன். அவர் கேட்டது அதுவன்று. சித்தியின் கல்யாண மோதிரத்தைப் பெண் அணிந்து செல்லவேண்டும்; கேட்பவர்க்கெல்லாம், கணவர் விடுதியில் இருக்கிறார் என்று சொல்லவேண்டும். இதனை நான் அவளுக்கு எடுத்துரைக்க வேண்டுமாம்.

இவ்வறிவுரையை முன்பே எங்கோ படித்திருக்கிறோமே என்ற எண்ணம், சிராங்கூன் சாலையைக் கடந்து வீடு சேரும்வரை என்னை விடவில்லை. படித்த இடம் மணிமேகலை. மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மந்திரங்களை அருளும் பகுதியை நாம் வகுப்பில் விரைந்து கடந்துவிடுகிறோம். அமுதசுரபிக்குச் சென்று சேர வேண்டும் என்ற அவசரம் நமக்கு. ஆனால் தெய்வம் அங்கே காரணத்தையும் கூறுகிறது. நீ இளையள், அதிலும் பெண். பல சமயத்தாரும் தம் மெய்ப்பொருளை உனக்கு உரைக்கமாட்டார். ஆதலால் வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தையும் வான்வழிச் செல்லும் மந்திரத்தையும் பெற்றுக்கொள் என்கிறது. உரைக்க மறுப்பவரைத் திருத்தும் எண்ணம் தெய்வத்திற்குமே தோன்றவில்லை. கேட்க வருபவள் தன் உருவை மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வாறே வஞ்சி நகரில் அவள் ஆண் தவசியாகி நின்றே சமயக்கணக்கரின் திறங்களைக் கேட்கிறாள்.

வேற்றுரு அவளைக் காத்ததா? உதயகுமரன் பின்தொடர்ந்தபோது காயசண்டிகை வடிவு கொண்டாள். அவ்வடிவே காயசண்டிகையின் கணவன் காஞ்சனனை மயக்க, அவன் உதயகுமரனை வெட்டி வீழ்த்தினான். இறுதியில் சிறைப்பட்டவள் யார்? மணிமேகலை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டிப் பெற்றவளையே மன்னன் சிறைசெய்கிறான். பின்தொடர்ந்தவனைக் குறித்து எழவேண்டிய கேள்வி பின்தொடரப்பட்டவளிடம் வந்து நிற்பது இக்காலத்து வழக்கம் மட்டுமன்று போலும்.

நம் பகுதி வாசகர்க்குச் சாவகம் பற்றிய செய்தியும் சுவைதரும். ஆபுத்திரனாக இருந்து மறுபிறப்பெடுத்த புண்ணியராசனைக் காண மணிமேகலை சாவக நாட்டிற்கு வருகிறாள். பின் இருவரும் மணிபல்லவம் செல்கின்றனர். அரசன் செல்வது கப்பலில். அவள் செல்வது வானில். காப்பியத்தில் இது தெய்வ ஆற்றலின் பெருமை. எனக்கோ, ஒரு பெண் தனியே கலமேறிக் கடல் கடப்பதைக் காட்டுவதைவிட அவளைப் பறக்கவிடுவது புலவர்க்கு எளிதாயிற்று என்றே தோன்றுகிறது.

இவ்வாறு நோக்கத் தொடங்கினால் பிறரும் வரிசையில் வந்து நிற்கின்றனர். காரைக்காலம்மையார் பேயுரு வேண்டிப் பெற்ற பின்னரே கயிலை வழியில் நடக்கிறார். கண்டவர் அஞ்சி ஓடுகின்றனர். புகாரிலிருந்து மதுரை வரையில் கணவனும் கவுந்தியடிகளும் உடன்வரச் சென்ற கண்ணகி, தனியே நடப்பது ஒரு முலை இழந்த பின்னரே. கவுந்தி உடனிருந்தும் வழியில் வம்பர் இருவரின் ஏளனச் சொல் அவளைத் தீண்டாமல் விடவில்லை. மதுரைப் புறத்தில் அவளை மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார் அடிகள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றித்தரும் பொருளாகவே பாதுகாப்பு அங்கே அமைகிறது. வழிக்கும் ஊருக்கும் அதில் பொறுப்பில்லை.

இவை சமயக் குறியீடுகள், பயணத்தைப் பற்றியன அல்ல என்று மறுப்பார் உளர். அம்மையார் வரையில் அதனை ஒப்புக்கொள்வேன். மணிமேகலைக்கு அது பொருந்தாது. காரணத்தை நூலே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

ஆயினும் தமிழ் மரபு முழுவதும் இப்படித்தான் என்று முடிப்பது பிழையாகும். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்று, அவன் படைக்கலக் கொட்டிலில் நின்று பேசிய ஔவையைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் காண்கிறோம். அவர் கிழவி என்பதற்கு அப்பாட்டில் குறிப்பேதும் இல்லை. அவரே பாடிய 89ஆம் பாட்டில் பகைவேந்தன் வினவுவது அணிபூண்ட விறலி ஒருத்தியை. கணவனைத் தேடி அலைந்த வெள்ளிவீதியாரை அகநானூற்றில் நினைவுகூர்பவரும் இந்த ஔவையே. ஔவையார் பலர் என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. ஆனால் மக்கள் மனத்தில் அவர் அனைவரும் ஒருவராயினர்; அவ்வொருவர் இளமையிலேயே பிள்ளையாரை வேண்டி முதுமை பெற்றவராயினர். 1953இல் கே. பி. சுந்தரம்பாள் நடித்த படம் அவ்வுருவை நிலைநிறுத்திவிட்டது. தூது சென்ற பெண்ணைப் பிற்காலம் கிழவியாக்கிற்று. நாமும் ஆத்திசூடியைக் கற்பித்து, 95ஆம் பாட்டைக் கைவிட்டு, அதே பணியைத் தொடர்கிறோம்.

முதுமையே கவசம் என்பது நமக்கு மட்டும் உரிய கற்பனையன்று. என் மாணவி காண விரும்பிய வியன்னா நகரில் 1797இல் பிறந்தவர் ஐடா பைஃபர். இரு புதல்வரை வளர்த்து ஆளாக்கிய பின், 1842இல் தம் நாற்பத்தைந்தாம் வயதில் பயணந் தொடங்கினார். உற்றாரிடம் கான்ஸ்டாண்டிநோபிள் என்று சொல்லிப் புறப்பட்டு எருசலேம் சென்றார். 1847இல் நம் சிங்கப்பூருக்கும் வந்திருக்கிறார். 1852இல் சுமத்திராவில் பத்தாக்கு மக்கள் சூழ்ந்து கொல்வதாக அச்சுறுத்தியபோது, இந்தக் கிழவியின் இறைச்சி முற்றிப்போனது, தின்ன உதவாது என்று அரைகுறை மொழியில் சொன்னாராம். அவர்கள் சிரித்து வழிவிட்டனர். நம் ஔவை இதனைக் கேட்டிருந்தால் தாமும் சிரித்திருப்பார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தேக்காவில் ஞாயிறுதோறும் காணும் பணிப்பெண்களுள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து தனியே விமானம் ஏறி வந்தவரும் உளர். அவர்களை நோக்கித் "தனியாகவா?" என்று நாம் வியந்து கேட்பதில்லை. பிறர் வீட்டு அடுப்புக்காக வருபவள் தனியே வரலாம். தன் கண்ணால் உலகைக் காணப் புறப்படுபவளுக்கே மோதிரம் தேடுகிறோம்.

ஐரோப்பாவில் அச்சமில்லை என்று நான் கூறவரவில்லை. அங்கும் அச்சம் உண்டு. அதனாற்றான் 2011இல் இஸ்தான்புல்லில் பெண்கள்மீதான வன்முறையைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாகி, 2014இல் நடைமுறைக்கு வந்தது. தடுப்பது அரசின் கடமை என்றும், பண்பாடோ வழக்கமோ மானமோ வன்முறைக்கு நியாயமாகாது என்றும் அது கூறுகிறது. பெயர் தந்த நகரையுடைய துருக்கியே 2021இல் அதிலிருந்து விலகிக்கொண்டது வேறு செய்தி. எனினும், உருவை மாற்றிக்கொள் என்று அவ்வுடன்படிக்கை எந்தப் பெண்ணுக்கும் சொல்லவில்லை.

மாணவியிடம் மோதிரத்தைப் பற்றி நான் பேசவில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் 112 என்ற எண்ணை அழைக்கலாம் என்றும், ஊர் சேரும் நேரம் நள்ளிரவாகாமல் பார்த்துக்கொள் என்றும் மட்டும் சொன்னேன். திரும்பி வந்து மூன்று பக்கம் தமிழில் எழுதித் தந்தாள். இன்ஸ்புருக் செல்லும் இரவு ரயிலில், ஆளில்லாத பெட்டியில் ஒருவர் ஏறி எதிரில் அமர்ந்தாராம். பையிலிருந்த மோதிரத்தை எடுத்து அணிந்துகொண்டாளாம். அவர் செய்தித்தாளைப் படித்துவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கிப் போனார். ஊர் திரும்பும்வரை அவள் அதனைக் கழற்றவில்லை.