பாதியில் நின்ற பாட்டுகள்: யு2வின் முதல் பத்தாண்டு

டப்ளின் நகரின் மவுண்ட் டெம்பிள் பள்ளி அறிவிப்புப் பலகையில், 1976 செப்டம்பரில், இசைக்குழுவுக்கு ஆள் தேடி ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. ஒட்டியவர் 14 வயது டிரம்ஸ் வாசிப்பாளர் லேரி முல்லன். அவர் வீட்டுச் சமையலறையில் கூடிய மாணவர்களுக்கு அப்போது பிறருடைய பாட்டைப் பிசிறில்லாமல் வாசிக்கவே வராது. அதனால் சொந்தமாகப் பாட்டுக் கட்ட இறங்கினார்கள். அவர்களில் பாடகர் போனோ, கிட்டார் வாசிப்பாளர் எட்ஜ், பேஸ் வாசிப்பாளர் ஆடம் கிளேட்டன், லேரி ஆகிய நால்வர் 1978இல் யு2 ஆனார்கள்.

பாட்டுக் கட்டுவதில் அவர்களுக்கென்று ஒரு வழக்கம் உருவானது. நால்வரும் சேர்ந்து வாசித்துக்கொண்டே மெட்டைத் தேடுவார்கள். போனோ பொருளற்ற ஒலிகளைப் பாடி அதைப் பிடிப்பார். வரிகள் கடைசியில் வரும். சில சமயம் மைக்கின் முன்னால் நிற்கும்போதுதான் வரும். யு2வை உலகறியச் செய்ததும் இந்த வழக்கம்தான், அவர்களுடைய தொடக்க ஆல்பங்களைப் பலவீனப்படுத்தியதும் இதுதான்.

பலம் முதல் ஆல்பத்திலேயே தெரிந்தது. 1980 மார்ச்சில் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது; அக்டோபரில் 'பாய்' வெளிவந்தது. எட்ஜ் வேக விரல் வித்தை காட்டவில்லை. எதிரொலிக் கருவியின் துணையோடு சில சுரங்களை மட்டுமே அடுக்கி, குழு முழுவதற்கும் இடம் விட்டார். கேட்டவுடன் 'இது யு2' என்று சொல்லவைக்கும் நாதம் அப்படிப் பிறந்தது. இசையமைப்பு நால்வர் பெயரிலும் பதிவானதால், பாட்டு யாருடையது என்ற சண்டைக்கும் இடமிருக்கவில்லை.

அடுத்த ஆண்டே குறை வெளிப்பட்டது. 1981 மார்ச்சில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் போனோவின் பாடல் குறிப்புகள் இருந்த பை தொலைந்தது; அது திரும்பக் கிடைத்தது 2004இல். வரிகள் கையில் இல்லாமலேயே 'அக்டோபர்' ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அதன் இசையில் தவிப்பு இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது. பல பாட்டுகளில் சொல் மட்டும் பின்தங்கி நிற்கிறது. பை தொலைந்தது விபத்து என்றாலும், எழுத்தைக் கடைசிக்குத் தள்ளும் பழக்கமே அந்த இழப்பை இவ்வளவு பெரிதாக்கியது.

1983இல் வந்த 'வார்' இதற்கு ஓரளவு மருந்து. போனோ தேனிலவுக்குப் போயிருந்தபோது எட்ஜ் தனியே உட்கார்ந்து 'சண்டே பிளடி சண்டே'க்கு அடித்தளம் போட்டார். என்ன சொல்கிறோம் என்பது முதலிலேயே தெளிவாக இருந்ததால் அந்தப் பாட்டு ஈட்டிபோல் பாய்கிறது. ஆனால் அதே ஆல்பத்தில் அவசரமும் வென்றிருக்கிறது. ஸ்டுடியோ நேரம் தீரும் தறுவாயில், ஆடம் கிளம்பிப் போன பிறகு, எட்ஜே பேஸ் வாசிக்க, விவிலியத்தின் 40ஆம் சங்கீதத்தை எடுத்து '40' என்ற பாட்டை முடித்தார்கள். பல ஆண்டுகள் அவர்களுடைய கச்சேரிகளை நிறைவு செய்தது அந்தப் பாட்டுதான்.

1984இன் 'தி அன்ஃபர்கெட்டபிள் ஃபயர்' இந்த வழக்கத்தின் இரண்டு முகத்தையும் ஒருசேரக் காட்டுகிறது. ஆல்பத்தின் தயாரிப்பாளர் பிரையன் ஈனோ இந்தத் தன்னிச்சைப் போக்கை ஊக்குவித்தார். மார்ட்டின் லூதர் கிங்குக்குப் புகழ்மாலையாக வந்த 'பிரைடு', அவர் சுடப்பட்ட நேரத்தை அதிகாலை என்கிறது. அவர் சுடப்பட்டதோ மாலை 6 மணியளவில். பின்னாளில் மேடைகளில் போனோ திருத்திப் பாடினார். ஒரு தியாகத்தைப் பாடும்போது இப்படிப்பட்ட தவறு மன்னிக்கக்கூடிய சிறு பிழை அல்ல. அதே ஆல்பத்தில் 'பேட்' என்ற பாட்டும் வரிகள் முழுமை பெறாமல்தான் வந்தது. 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் நடந்த லைவ் எய்டு நிதிதிரட்டும் இசை நிகழ்ச்சியில் அது ஏறக்குறைய 12 நிமிடம் நீண்டது. போனோ மேடையிலிருந்து இறங்கி ரசிகையோடு ஆடினார். மூன்றாவது பாட்டுக்கு நேரமில்லாமல் போனதில் மற்ற மூவருக்கும் வருத்தம். ஆனால் அவர்களை உலகம் நினைவில் வைத்தது அந்த 12 நிமிடத்துக்காகத்தான். எழுதி முடித்து இறுக்கிய பாட்டாக இருந்திருந்தால் இப்படி நீட்ட இடமிருந்திருக்காது.

1987இன் 'தி ஜோஷுவா ட்ரீ'யில் போனோ வரிகளுக்குத் தனி உழைப்பைக் கொடுத்தார். அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, கிராமி விருதும் பெற்றது. தேடலை மட்டும் அவர்கள் விடவில்லை. ஒரே பாட்டோடு மல்லுக்கட்டியே பதிவு நாட்கள் கரைந்ததில் சலித்து, ஈனோ அதன் ஒலிநாடாவை அழித்துவிடவே முனைந்தார். தப்பிப் பிழைத்த அந்தப் பாட்டுதான் 'வேர் தி ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்'.