பிர்சிக்கின் ஸ்க்ரூவும் என் ஆர்எக்ஸ் 100-உம்

ராபர்ட் பிர்சிக்கின் ‘ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ (1974) நாவலில், தலை தேய்ந்து கழல மறுக்கும் ஒரு ஸ்க்ரூ வரும். அந்த நேரத்தில் அதன் மதிப்பு மொத்த வண்டி விலைக்குச் சமம் என்கிறார். உண்மைதான். ஆனால் கருவியைச் சட்டென்று கடந்து, சிக்கி நிற்கும் மனதுக்குப் போய்விடுகிறார்.

கே.கே. நகர் வீட்டு வாசலில் ஆர்எக்ஸ் 100-இன் மிக்குனி கார்புரேட்டரைக் கழற்றும்போதுதான் இது உறைத்தது. அதிலிருப்பது ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் ஸ்க்ரூ. என் கையிலிருந்த ஸ்டார் திருப்புளி பிலிப்ஸ். பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். ஆனா நுனி முழுசா உட்காராது, வழுக்கித் தலையைத் தின்னுடும். இரண்டைக் கெடுத்தபின் ஜேஐஎஸ் திருப்புளி வாங்கினேன். மூன்றாவது சுலபமாகக் கழன்றது.

பிர்சிக் கேட்கும் பொறுமை வேண்டும்தான். தப்பான திருப்புளியோடு பொறுமையாக இருந்தால், பொறுமையாகக் கெடுப்போம், அவ்வளவுதான்.