கருவியின் கணிப்பும் ஆசிரியரின் தீர்ப்பும்

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் கல்லூரி ஆசிரியர்களிடையே ஓர் ஐயம் குடியேறியுள்ளது: மாணவர் தரும் கட்டுரை அவரே எழுதியதுதானா? இவ்வையத்தைத் தீர்க்க மற்றொரு கருவியை நாடுவோர் உளர். இப்பழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றுள் நூற்றுக்கு 26ஐ மட்டுமே அது இனங்கண்டது; மனிதர் எழுதியவற்றுள் நூற்றுக்கு 9ஐ இயந்திரத்தின்மேல் ஏற்றியது. அவ்வாண்டு சூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய 91 டோஃபல் தேர்வுக் கட்டுரைகளுள் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரத்தின் எழுத்தெனத் தவறாகக் குறிக்கப்பட்டன. எளிய சொற்களையும் பழகிய தொடர்களையும் கையாண்டதே அவர்தம் குற்றம்! தமிழ்வழிப் பள்ளியில் பயின்று, கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுத முயலும் நம் பிள்ளைகளும் இவ்வாறே எழுதுகின்றனர் அல்லவா?

அவ்வாறாயின், கட்டுரை எழுதித் தரும் கருவியைக் கண்மூடி வரவேற்பதா? அதுவும் அன்று. அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்தே அது தொடுக்கிறது. ஆதலின், இல்லாத நூலையும் சான்றாகக் காட்டிவிடும். அதன் விடையொன்றை வகுப்பில் வைத்து, மேற்கோள்களை நூலகத்தில் சரிபார்க்கச் செய்யலாம். ஐயம் எழுமிடத்து மாணவரை அருகழைத்து, “இக்கருத்தை எவ்வாறு அடைந்தாய்?” என வினவலாம். பெரிய வகுப்புகளில் இது எளிதன்று. ஆயினும், ஒரு மாணவரைப் பொய்யர் எனத் தீர்ப்பிடுமுன் அவர் சொல்லைக் கேட்கும் கடமையை எக்கருவியிடமும் நாம் ஒப்படைத்துவிட இயலாது.