படித்தவர் சொன்னால் போதுமா?

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தபோது அதை வரவேற்க அதிகம் பேர் இல்லை. சிங்காரம் மதுரையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தவர். எந்த இலக்கியக் குழுவோடும் ஒட்டாமல் தனியாக வாழ்ந்தவர். தன் நாவலைப் பற்றி மேடைகளில் பேசித் திரியவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் நாவலே எழுதவில்லை, 1997இல் காலமானார். இன்று தமிழின் சிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அந்த நாவல் முன்வரிசையில் இருக்கிறது. இந்த மாற்றத்தைப் பெரிய விருதோ திரைப்படமோ கொண்டுவரவில்லை. படித்த சிலர் வேறு சிலரிடம் சொன்னார்கள். புத்தகம் கிடைக்காத காலத்தில் இருந்த பிரதியைக் கைமாற்றிக்கொண்டார்கள். எழுத்தாளர்கள் எழுதினார்கள், மறுபதிப்புகள் வந்தன.

நாவல்களைப் பற்றி வாசகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் பரிந்துரைத்துக்கொள்வதும் எவ்வளவு வலிமையான பழக்கம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் இதே பழக்கம் நாவல்களைச் சுருக்கியிருக்கிறது, சிலவற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியிருக்கிறது, ஒருமுறை ஓர் எழுத்தாளரைப் பேனாவைக் கீழே வைக்கவும் வைத்திருக்கிறது. பலத்துக்கும் கோளாறுக்கும் வேர் ஒன்றுதான்: இந்தப் பழக்கம் நம்பிக்கையில் ஓடுகிறது. சொன்னவரை நம்புகிறோம், காரணத்தைக் கேட்பதில்லை.

முதலில் பலத்தைப் பார்ப்போம். நாவல் என்பது நேரத்தைக் கேட்கும் வடிவம். பிடிக்காத கவிதையால் வீணாவது ஒரு நிமிடம். பிடிக்காத நாவல் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். அந்த வாரத்தை முன்கூட்டியே கடனாகக் கொடுக்க வாசகனுக்கு ஒரு பிணை வேண்டும். ‘புயலிலே ஒரு தோணி’ இன்றைய இந்தோனேசியாவின் மெடானிலும் மலேசியாவின் பினாங்கிலும் நடக்கிறது. மலாய்ச் சொற்களும், வட்டிக்கடை வழக்கும், பழந்தமிழ் இலக்கியக் கேலிகளும் அதன் மொழியில் குழம்பிக் கிடக்கின்றன. தானாக எடுத்துப் புரட்டுபவர் முப்பது பக்கத்தில் மூடிவைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. “கொஞ்சம் பொறுத்துக்கொள், போகப் போகப் பிடிபடும்” என்று நம்பத்தக்க ஒருவர் சொல்லியிருந்தால், அதே ஆள் முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்புவார். விளம்பரத்தால் புத்தகத்தை வாங்கவைக்க முடியும், இந்தப் பொறுமையைத் தர முடியாது.

இந்திய மொழிகளிலிருந்து வந்த நாவல்களின் கதையும் இதுவே. சாகித்ய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் வெளியிட்ட மொழிபெயர்ப்புகள் பலவும் எடுப்பில்லாத அட்டையோடு, விளம்பரமே இல்லாமல் வந்தவை. தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’, குர்அதுலைன் ஹைதரின் ‘அக்னி நதி’ ஆகியவற்றைத் தமிழ் வாசகர்கள் ஒருவர் மூலம் ஒருவராகத்தான் கண்டுபிடித்தார்கள். இவற்றைப் பற்றி ஜெயமோகன் எழுதிய ‘கண்ணீரைப் பின்தொடர்தல்’ போன்ற நூல்கள் அந்தப் பேச்சை அச்சில் நிலைநிறுத்தின. வங்கத்துக் கிராமத்து வைத்தியர் ஒருவர் நாடி பிடித்து மரணம் வரும் நாளைச் சொல்வதைப் பற்றிய ஒரு நாவலைத் தமிழில் தேடிப் படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்றால், அதில் சந்தைக்குப் பங்கு குறைவு.

நேரில் சொல்லப்படும் பரிந்துரைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அதைச் சொல்பவருக்குக் கேட்பவரைத் தெரியும். ‘ஆரோக்கிய நிகேதனம்’ மரணத்தைப் பற்றிய நாவல். மருத்துவம் படிக்கும் பெண்ணுக்கு அதைக் கொடுக்கலாம். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வராந்தாவில் காத்திருப்பவருக்குக் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். எந்தப் பட்டியலும் இந்த யோசனையைச் செய்யாது.

பட்டியல் என்றதும் க.நா.சுப்ரமண்யத்தைச் சொல்லாமல் நகர முடியாது. தமிழில் நாவல் பரிந்துரையை ஓர் இயக்கமாகவே நடத்தியவர் அவர். 1950களில் ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பில் நூல் நூலாக அறிமுகம் செய்தார். வாராந்தரத் தொடர்கதைகள் வாசிப்பையே ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ போன்ற, கொங்கு மண்ணின் பேச்சில் எழுதப்பட்ட ஒரு சின்ன நாவலைப் பெரிய பெயர்களுக்கு நடுவே தூக்கிக் காட்டியது துணிச்சலான காரியம். அவருடைய வழி எளிது. நல்லதைச் சுட்டிக்காட்டு, ரசனையுள்ளவன் படித்து உணர்ந்துகொள்வான். ஏன் நல்லது என்று நீட்டி விளக்குவதில் அவருக்கு அக்கறை இல்லை.

இதை அப்போதே இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்த்தார்கள். 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, படைப்பைப் பிரித்து அலசிக் காட்டாமல் தீர்ப்பு மட்டும் சொல்வது விமர்சனமாகாது என்று கருதினார். இலங்கையிலிருந்து க. கைலாசபதி, ஒரு நாவலின் சமூக அடிப்படையைப் பேசாத ரசனை வெறும் தனிமனித விருப்பம் என்று கடுமையாக மறுத்தார். இருவரும் கேட்டது அடிப்படையில் ஒன்றுதான்: காரணம் சொல். க.நா.சு. பக்கத்திலும் நியாயம் உண்டு. யாருமே படிக்காத நாவலை அலசுவதில் பயனில்லை; முதலில் படிக்கவைக்க வேண்டும். அவருடைய காலத்துக்கு அந்த வேலை அவசியமாக இருந்தது. ஆனால் அவர் விட்டுச்சென்ற பழக்கத்தில் ஒரு குறை தங்கிவிட்டது. ஏராளமாகப் படித்த ஒருவர் காரணம் சொல்லாமல் விடுவதும், அவருடைய பட்டியலைப் படியெடுத்தவர் காரணம் சொல்லாமல் விடுவதும் ஒன்றல்ல. முதலாமவரிடம் காரணம் இருந்தது, இரண்டாமவரிடம் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியும் சென்னைப் புத்தகக் கண்காட்சியை ஒட்டிச் சுற்றிவரும் ‘அவசியம் படிக்க வேண்டிய நாவல்க’ளில் பாதி இப்படிப் படியெடுக்கப்பட்டவை. அதே இருபது பெயர்கள், சற்றே மாறிய வரிசையில்.

அந்த இருபதுக்குள் வராதவற்றைக் கவனித்தால் பழக்கத்தின் எல்லை தெரியும். கே. டானியலின் ‘பஞ்சமர்’ யாழ்ப்பாணத்துச் சாதி ஒடுக்குமுறையை நேராக எதிர்கொண்ட நாவல். தமிழகத்து வாசகர்களின் பட்டியல்களில் அது எப்போதாவதுதான் தலைகாட்டுகிறது. கிருத்திகாவின் ‘வாஸவேச்வரம்’, ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ இரண்டும் 1960களில் வந்தவை. பெண் எழுத்தாளர் ஒருவரும் வேண்டுமே என்று நினைவு வரும்போதுதான் பலருக்கும் அவை ஞாபகத்துக்கு வருகின்றன. இதில் சதி எதுவும் இல்லை. நம்மைப் போன்றவர்களோடுதான் நாம் அதிகம் பழகுகிறோம். அவர்கள் படித்ததையே நாமும் படிக்கிறோம், படித்ததையே திரும்பச் சொல்கிறோம். நம்பிக்கையால் ஓடும் பழக்கம் நம்பிக்கை வட்டத்துக்கு வெளியே போவதில்லை.

அடுத்த கோளாறு சுருக்கம். வாயால் பரவும் எதுவும் ஒரு வரிக்குள் அடங்கியாக வேண்டும். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ என்றால் “சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிய நாவல், சின்னதுதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.” இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் இப்படிக் கேட்டுவிட்டுப் படிப்பவர் குடங்களையும் வரிசைகளையும் தேடுகிறார். நாவலின் நாயகி ஜமுனா தன் வாழ்க்கையைத் தானே கையில் எடுத்துக்கொள்ளும் இடம் அவர் கண்ணில் படாமலே போகலாம். தி. ஜானகிராமனின் ‘மோக முள்’ளுக்கு நடந்ததும் இதுதான். தன்னைவிட மூத்த பெண்மீது ஒருவன் கொள்ளும் காதல் என்ற ஒரு வரி, அவனுடைய சங்கீத குரு ரங்கண்ணாவையும் அவருடைய சங்கீதத்தையும் நாவலின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. பரிந்துரைத்த வரியே வாசிப்பின் வரம்பாகிவிடுகிறது.

மூன்றாவது கோளாறு, மாற்றுக் கருத்துக்கு இடமில்லாமல் போவது. 1981இல் வந்த சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ ஒரு தலைமுறைக்கே பெரிய திறப்பாக இருந்தது உண்மை. அதே அளவுக்கு உண்மை, அது ஓர் அடையாள அட்டையாகவும் மாறியது. படித்திருந்தால் நீ நம்ம ஆள். பிடிக்கவில்லை என்றால் உனக்குப் பிடிபடவில்லை என்று அர்த்தம். இந்தச் சூழலில் பலர் பிடித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே சிறு வட்டத்துக்குள் புழங்கும் தமிழ் இலக்கியத்தில் இந்த நெருக்கடி கூடுதலாகவே இருக்கிறது. வெளியீட்டு விழாவில் பாராட்டியவரின் நாவல் அடுத்த மாதம் வரப்போகிறது. முகதாட்சண்யம் விமர்சனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, “நல்லா வந்திருக்கு” என்பது எல்லா நாவலுக்கும் பொருந்தும் சொல்லாகிவிடுகிறது. எல்லாவற்றையும் பரிந்துரைப்பவர் எதையும் பரிந்துரைக்கவில்லை.

படிக்காமலே கருத்து கைமாறினால் எங்கே போய் முடியும் என்பதைப் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ காட்டியது. 2010இல் வந்த நாவல் நான்கு ஆண்டுகள் அமைதியாகத்தான் விற்றுக்கொண்டிருந்தது. 2014 இறுதியில் திருச்செங்கோட்டில், நாவலின் சில பகுதிகள் மட்டும் பிரதியெடுக்கப்பட்டு வினியோகமாயின. அந்தத் தாள்களைப் பார்த்தவர்களில் பலர் நாவலைப் பார்த்ததே இல்லை. ஆனால் எல்லோரிடமும் கருத்து இருந்தது, தந்தவர்மேல் நம்பிக்கையும் இருந்தது. எதிர்ப்பு முற்றி, 2015 ஜனவரியில் எழுத்தாளர் தான் எழுதுவதை நிறுத்திவிட்டதாக அறிவித்தார். பிடிக்காத புத்தகத்தை மூடிவைத்துவிடலாம் என்ற சாதாரண உண்மையை, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. பரிந்துரையும் கண்டனமும் ஒரே தடத்தில் பயணிப்பவை. காரணம் கேட்காமல் ஒரு நாவலைத் தலையில் வைத்துக்கொள்ளப் பழகியவருக்குக் காரணம் கேட்காமல் இன்னொன்றைக் கொளுத்துவதும் கடினமல்ல.

இத்தனைக்குப் பிறகும், இந்தப் பழக்கம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. விருதுக் குழுக்களும் பல்கலைக்கழகங்களும் விட்டுவிட்ட நாவல்களை வாசகர்களே காப்பாற்றியிருக்கிறார்கள். வேறு யாரும் அந்த வேலையைச் செய்யவும் போவதில்லை. தேவைப்படும் திருத்தம் சிறியதுதான். தீர்ப்போடு அதை மறுக்கத்தக்க ஒரு காரணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். “அற்புதமான நாவல்” என்பதை யாராலும் மறுக்க முடியாது, அதனால் அதில் விஷயமும் இல்லை. “பேச்சுவழக்கு முதலில் தடுக்கும், நடுப்பகுதி இழுக்கிறது, கடைசி மூன்று அத்தியாயங்களுக்காகவே படிக்கலாம்” என்றால் அதோடு வாதாடலாம்.

எனவே யாராவது ஒரு நாவலைக் கையில் கொடுத்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதில் உங்களுக்கு எங்கே சலித்தது? உண்மையாகப் படித்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும். தயங்காமல் சொல்வார், சொன்ன பிறகும் நாவலைக் கொடுப்பார். பதில் இல்லாதவர் பெரும்பாலும் வேறொருவரின் பரிந்துரையைத்தான் நம்மிடம் கடத்துகிறார். நாமும் படித்து முடித்துவிட்டுத் திரும்பப் போய், “எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால்…” என்று சொல்லக்கூடிய ஆளாக அவர் இருந்தால், அவர் அடுத்த முறை சொல்வதை இன்னும் கூடுதலாக நம்பலாம்.